கொத்துவதற்கு முன் கேளுங்கள்: திரும்பிச் செல்லும் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை



2025 நவம்பர் இறுதியில் வந்த திட்வா புயலுக்குப் பிறகு வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வந்தவர்கள் நீங்கள். திரும்பியவுடன் மண்வெட்டியை எடுக்கத்தான் மனம் சொல்லும். அதற்கு முன் நான்கு விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, நிலம் பாதுகாப்பானதா என்று பாருங்கள். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்று, புதிதாக இறுகிப்போன கதவு ஆகியவை மண்சரிவின் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கேளுங்கள். அவசரத்திற்கு 117, அனர்த்த முகாமைத்துவ நிலையம். எந்த மானியமும் உயிருக்கு ஈடாகாது.

இரண்டாவது, சேதத்தைத் துப்புரவாக்குமுன் படம் எடுங்கள். எத்தனை மிளகுக்கொடி, எத்தனை கராம்பு மரம், எவ்வளவு மரக்கறிப் பாத்தி போனது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

மூன்றாவது, உங்கள் பகுதிக்குரிய கமநல சேவை நிலையத்திற்குப் போங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி விவசாயக் காணிப் பதிவேடு அங்கேதான் இருக்கிறது. அதில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். அந்தப் பதிவு காணி உறுதிக்குப் பதிலாகாது; ஆனால் பயிர் செய்பவர் யார் என்று காட்ட அது உதவும். தோட்ட லயத்தில் இருந்துகொண்டு சிறு துண்டில் பயிர் செய்பவர்கள், உறுதி இல்லையே என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். எதற்குத் தகுதி உண்டு, எதற்கு இல்லை என்பதை நேரில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

மரக்கறிக்கும் நெல்லுக்கும் விவசாயப் போதனாசிரியரைத் தேடுங்கள். மிளகு, கராம்பு, சாதிக்காய், கோப்பி என்றால் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் விரிவாக்க உத்தியோகத்தரிடம் நாற்று, நடுகை உதவி பற்றிக் கேளுங்கள். சிறு தேயிலைத் தோட்டத்திற்கு, தேயிலை சிறுபற்று நில அபிவிருத்தி அதிகாரசபை இருக்கிறது.

நான்காவது, மண்ணைக் காப்பாற்றுங்கள். மண் பாதுகாப்புச் சட்டம் 1951இலேயே வந்தது. சரிவில் மேலிருந்து கீழாகக் கொத்தினால் அடுத்த மழை மேல்மண்ணை மகாவலிக்குக் கொண்டுபோகும். சரிவுக்குக் குறுக்கே கல் வரம்பு, வடிகான், கிளிரிசீடியா வேலி வையுங்கள். எங்கே, எப்படி என்று காட்டித்தர பேராதனையில் விவசாயத் திணைக்களத்தின் இயற்கை வள முகாமைத்துவ நிலையம் உண்டு. ஆனால் வெடித்த நிலத்தில், பரிசோதனைக்கு முன் எந்தக் கானும் வெட்டாதீர்கள்.

விவசாய ஆலோசனைக்கு 1920, எந்த அலுவலகம் என்று தெரியாவிட்டால் 1919. தமிழில் எழுதலாம், தமிழில் பதில் பெறலாம். அரசியலமைப்பு தந்த உரிமை அது. போகும்போது அடையாள அட்டை, அந்தக் கொப்பி, காணிப் பத்திரம் இருந்தால் அதன் பிரதி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். சந்தித்த உத்தியோகத்தரின் பெயரையும் திகதியையும் குறித்து வையுங்கள்.

தனியாகப் போகத் தயங்கினால், அயலவர் நாலு பேராகச் சேர்ந்து போங்கள்.