சாவி இடுப்பில் இருக்கட்டும்

நசரத்பேட்டையில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறேன். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலம் பல இடத்தில் மனையாகிவிட்டது. இருந்தாலும் நடவு நெருங்கினால் ரோட்டவேட்டர்கள் என் வாசலுக்கு வந்துவிடும்.

டிராக்டரில் எனக்கு ரொம்பப் பிடித்தது பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டு. எஞ்சினின் பலத்தை வாங்கி ரோட்டவேட்டருக்கும் கதிரடிக்கிற மிஷினுக்கும் கொடுப்பது அதுதான். இரண்டு முனையிலும் கிராஸ் மூட்டு இருப்பதால், கருவி ஏறினாலும் இறங்கினாலும் வளைந்து கொடுத்துச் சுற்றும். என்ன அழகான வேலைப்பாடு! வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. அப்படியென்றால் நொடிக்கு 9. அம்மா, ஐயா, நீங்களே நினைத்துப் பாருங்கள். தோள்துண்டு நுனி அதில் பட்டால், 'ஐயோ' என்று வாய் திறப்பதற்குள் ஆளையே இழுத்துவிடும். அதற்காகத்தான் மேலே ஒரு பிளாஸ்டிக் உறை. கிரீஸ் அடிக்கக் கழற்றுகிறவர்கள் பலர் அதைத் திரும்ப மாட்டுவதே இல்லை.

திருமழிசைப் பக்கம் ஒரு வயல். ரோட்டவேட்டரில் வைக்கோல் சுற்றிக்கொண்டது. அண்ணன் ஒருவர் பி.டி.ஓ. லீவரை மட்டும் விலக்கிவிட்டுக் குனிந்தார். "எஞ்சினை நிறுத்துங்கண்ணே" என்றேன். "பேட்டரி வீக்கு தம்பி, நிறுத்தினா மறுபடி ஸ்டார்ட் ஆகாது" என்றார். மேலே உட்கார்ந்திருந்த பையனின் கால் லீவரில் பட்டது. இரண்டு விரல் போய்விட்டது. ரோட்டவேட்டர் கத்தி வெட்டியது என்றார்கள். மாற்றாமல் விட்ட பேட்டரிதான் வெட்டியது என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது.

கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போகக் கூடாது என்று 1983-லேயே மத்திய அரசு தனிச் சட்டம் போட்டது. ஆனால் பழுது பார்க்கிற வேளையில் நம்மைக் காப்பது, எஞ்சினை நிறுத்திக் கழற்றி இடுப்பில் செருகிய சாவிதான். ரோட்டவேட்டரைத் தூக்கி வைத்து அடியில் போகிறவர்கள் ஹைட்ராலிக்கை நம்ப வேண்டாம். கட்டை முட்டுக் கொடுங்கள்.

நேரமாகிறது, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். விரல் துண்டானால் நேராக ஐஸில் போடாதீர்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ்மேல் வையுங்கள். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கை அறுவைச் சிகிச்சைக்கென்றே டாக்டர் ஆர். வெங்கடசாமி 1971-ல் தொடங்கிய பிரிவு இருக்கிறது.

இப்போதெல்லாம் எந்த வண்டி வந்தாலும், என்ன பழுது என்று கேட்பதற்கு முன்னால் செல்ஃப் அடித்துப் பேட்டரியைப் பார்க்கிறேன். அதற்குக் காசு வாங்குவதில்லை. இந்த நடவுக்கு முன்னால் ஒருமுறை வண்டியைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போங்கள்.