தலைப்பிரசவமும் குடும்பத்தார் கடமையும்

(கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



கூட்டுறவுச் சங்கம் என்றால் கடனும், உரமும், விதையும், பாலும் மட்டுமே என்று எண்ணுவோர் பலர். சங்கத்தின் முடிவான நோக்கம் அங்கத்தினர் குடும்பங்கள் க்ஷேமமாக வாழ்வதேயாகும். கடன் பெற்றுக் கிணறு வெட்டி நல்ல விளைச்சல் கண்ட குடியானவனுடைய வீட்டில், தலைப்பிள்ளையைச் சுமக்கும் மருமகள் இரத்தக் குறைவால் பிரசவத்தில் மாண்டுபோவாளாயின், அவ்விளைச்சலால் யாது பயன்?

“இது பெண்கள் விஷயம், பெண்களே பார்த்துக்கொள்வர்” என்று சிலர் கூறக்கூடும். ஆனால் பணப்பெட்டியின் சாவியும், வண்டியும், “ஆஸ்பத்திரிக்குப் போகலாம்” என்று சொல்லும் அதிகாரமும் பெரும்பாலான வீடுகளில் ஆடவரிடமும் மாமியாரிடமுமே இருக்கின்றன. முதன்முறை கருவுற்ற இளம்பெண்ணோ தன் உடலில் நேரும் மாறுதல்களில் எது இயல்பு, எது அபாயம் என்பதை அறியாள். அறிந்தாலும் புகுந்த வீட்டில் சொல்ல நாணுவாள். ஆதலின் இவ்விஷயத்தைக் குடும்பத் தலைவர்கள் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

பதிவு

மாதவிலக்கு தவறியதும் தாமதமின்றிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிவு செய்வித்தல் வேண்டும். பன்னிரண்டு வாரங்களுக்குள் இதனைச் செய்வது உத்தமம். கடைசி மாதவிலக்கு தொடங்கிய தேதியைக் குறித்துவைத்தால் பிரசவத் தேதியை எளிதில் கணிக்கலாம். அத்தேதியிலிருந்து 280 நாட்கள், அதாவது 40 வாரங்கள் ஆகும்.

பதிவு செய்த பெண்ணுக்கு எடை, இரத்த அழுத்தம், இரத்தம், சிறுநீர் ஆகியவை சோதிக்கப்படும். முதல் முறையிலும், 24 முதல் 28 வாரங்களுக்குள் மீண்டும், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைப் பருகச் செய்து, இரண்டு மணி கழித்துச் சர்க்கரை அளவைப் பார்ப்பர். 140 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் கர்ப்ப கால நீரிழிவு உண்டென்று கொள்வர். தலைப்பிரசவமாயின் இரண நடுக்கத்தைத் தடுக்கும் டி.டி. ஊசி நான்கு வார இடைவெளியில் இரு முறை போடப்படும். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று சோதனையைத் தவிர்த்தல் தவறு. இரத்த அழுத்தம் ஏறுவது பல சமயங்களில் வெளிக்குத் தெரிவதில்லை.

இரத்தமே சேமநிதி

2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியக் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 52 பேருக்கு இரத்தச் சோகை காணப்பட்டது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழிருந்தால் சோகை. 7 கிராமுக்குக் கீழிருந்தால் கடுமையான சோகை.

சங்கத்தின் சேமநிதியை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. எதிர்பாராத நஷ்டம் வருங்கால் சேமநிதியுள்ள சங்கம் தாங்கும். அஃதில்லாத சங்கம் கவிழும். பிரசவத்தில் எந்தப் பெண்ணுக்கும் சிறிது இரத்தம் போதல் இயல்பு. அரை லிட்டர் போனாலும் இரத்தம் நிறைந்தவள் தாங்குவாள். சோகையுற்றவளுக்கு அதே இழப்பு உயிராபத்தாகலாம். இந்தச் சேமநிதியைப் பிரசவ வலி கண்டபின் சேர்க்க இயலாது. ஒன்பது மாதங்களிலும் சிறுகச் சிறுகச் சேர்த்துவைப்பதே வழி.

இவ்விஷயத்தில் நம் நாட்டுக்கு ஒரு சரித்திரத் தொடர்புண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ மாது 1928-ஆம் ஆண்டில் இந்தியா வந்து, பம்பாய்த் துணியாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளின் சோகை நோயை ஆராய்ந்தார். பின்னர்க் குன்னூரிலும் ஆராய்ச்சி நடத்தினார். ஈஸ்ட் சாரத்தை உண்டவர்கள் தேறியதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். அச்சாரத்தில் இருந்த சத்தே பிற்காலத்தில் போலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. கரு உண்டாகி நான்கு வாரங்களுக்குள் சிசுவின் மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடிப்படையான பாகம் உருவாகிவிடுவதால், இச்சத்து தொடக்கத்திலேயே, கூடுமானால் கருவுறும் முன்பே, வேண்டப்படுகிறது.

நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒரு மாத்திரை வீதம் 180 நாட்களும், பிரசவத்துக்குப் பின் 180 நாட்களும் இரும்புச்சத்து மாத்திரை தருகின்றனர். ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும், 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உள்ளன. மலம் கறுத்துப் போவதைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. குழந்தை கறுப்பாய்ப் பிறக்கும் என்பது வீண் பேச்சு. குமட்டல் கண்டால் உணவுக்குப் பின் உட்கொள்ளலாம். காபி, தேநீருடன் உட்கொண்டால் இரும்பு உடலில் சேராது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவை அதைச் சேரச்செய்யும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை வேறு வேளையில் உட்கொள்ளவேண்டும்.

ஆகாரம்

“அதிகம் தின்றால் குழந்தை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்” என்று கடைசி மாதங்களில் சோற்றைக் குறைக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. இது மிகத் தீங்கானது. குழந்தை எடை குறைந்து பிறப்பதும், தாய் வலுவிழப்பதுமே இதன் பலன். நான்காம் மாதத்திலிருந்து வழக்கத்துக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 350 கலோரி வேண்டும். ஒரு வேளைச் சிற்றுண்டியும் ஒரு தம்ளர் பாலும் அதற்குப் பெரும்பாலும் போதுமானவை. சாதாரண உடல்வாகுள்ள பெண் கர்ப்பகாலம் முழுவதிலும் 9 முதல் 11 கிலோ எடை கூடுதல் நலம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பயறு, சுண்டல், முட்டை, மீன் ஆகியன விலை மிகுந்த டானிக்குகளிலும் மேலானவை.

பால் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர்கள் இவ்விடத்தில் சற்றுச் சிந்திக்கவேண்டும். காலையும் மாலையும் கறந்த பால் முழுவதும் சங்கத்துக்குச் செல்ல, மாட்டுக்குப் புல்லறுத்துப் போட்ட கர்ப்பிணி நீர்மோர் குடிக்கும் வீடுகள் உண்டு. நாள்தோறும் எட்டு லிட்டர் ஊற்றும் வீட்டில் அவளுக்கு அரை லிட்டர் நிறுத்திவைத்தால், குறைவது வரவில் பதினாறில் ஒரு பங்கே. சினைப்பசுவுக்குத் தனியே புண்ணாக்கும் தவிடும் வைக்கும் குடியானவன், வீட்டுப் பெண்ணுக்கு அவ்வளவேனும் செய்யவேண்டாவா? எல்லாரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் வழக்கத்தையும் இக்காலத்திலாவது விட்டொழிக்கவேண்டும்.

வேலையும் ஓய்வும்

இலேசான வேலை நல்லதே. பாரம் தூக்குதல், சேற்றில் நெடுநேரம் குனிந்து நாற்று நடுதல், பூச்சிமருந்து தெளித்தல் ஆகியவை கூடா. மருந்து தெளித்த வயலில் இறங்குவதும் ஆகாது. பகலில் இரண்டு மணியும் இரவில் எட்டு மணியும் ஓய்வு வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் ஒருக்களித்துப் படுத்தல் நலம். புகையிலை மெல்லுதல் கூடாது. வீட்டினுள் பிறர் பீடி புகைத்தலும் சிசுவுக்குக் கேடு.

அபாயக் குறிகள்

எம்மாதத்திலேனும் இரத்தம் போதல், கடுமையான தலைவலியுடன் பார்வை மங்குதல், முகமும் கைகளும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், மேல்வயிற்றில் தாங்கமுடியாத வலி, நீர்க்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகிய இவற்றுள் ஒன்று காணினும் விடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பதும் அபாயக் குறியே. தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் இலவசமாய் வருகிறது. பெரியவர் ஊரிலிருந்து வரட்டும் என்று காத்திருந்த ஒரு மணி நேரம் ஓர் உயிரின் விலையாகிவிடக்கூடும். “அபாயம் கண்டால் எவரையும் கேளாமல் புறப்படலாம்” என்று குடும்பத் தலைவர் முன்கூட்டியே சொல்லிவைத்தல் அறிவுடைமை.

தாய்வீடு செல்லுங்கால்

வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வது பழைய வழக்கம். அங்கே ஆறுதலும் ஓய்வும் கிடைக்கும். ஆனால் சோதனைத் தொடர்ச்சி அறுந்துபோவதும் இப்போதுதான். சேலையும் வளையலும் எடுத்து வைப்பவர்கள் தாய் சேய் நல அட்டையையும், ஸ்கேன் அறிக்கைகளையும், மீதி மாத்திரைகளையும் மறந்துவிடுகிறார்கள். புதிய ஊர்ச் செவிலியரிடம் அட்டையைக் காட்டிப் பெயரைச் சேர்த்துக்கொண்டால் இக்குறை நீங்கும்.

பணம்

வளைகாப்புக்குக் கடன் வாங்கிப் பந்தலிட்டவர், பிரசவ இரவில் வண்டிக்குப் பணமின்றி நிற்பது விசனிக்கத்தக்கது. கருவுற்றது தெரிந்த நாள் முதல் தினம் பத்து ரூபாய் சங்கச் சேமிப்பில் போட்டால் 270 நாளில் 2,700 ரூபாய் சேரும். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரசவமும், மருந்தும், இரத்தமும், உணவும் 2011-இல் வந்த திட்டத்தின்படி இலவசம். 1987-இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் தொகை 2018-இல், ரொக்கமும் ஊட்டச்சத்துப் பொருள்களுமாக, 18,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இவ்வுதவிக்கும் முன்பதிவும் பெண்ணின் பெயரில் வங்கிக் கணக்கும் வேண்டும்.

பிறந்த குழந்தை

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தைக்குத் தாயின் சீம்பாலை ஊட்டவேண்டும். சர்க்கரைத் தண்ணீர், தேன், சேனை ஆகியவை கூடா. ஈன்ற கன்றுக்கு உடனே சீம்பால் ஊட்டாவிடின் கன்று நோயுறும் என்பது மாடு வளர்ப்போர் அறிந்ததே. மனிதக் குழந்தைக்கும் நோயை எதிர்க்கும் முதற் காப்பு அதுவே. ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி நீரும் வேண்டுவதில்லை. பத்தியம் என்ற பெயரால் பாலூட்டும் தாயைப் பட்டினியிடுதலும் கூடாது. பெற்றவள் காரணமின்றி அழுது, குழந்தையிடம் பற்றின்றி, பல நாட்கள் உறக்கமின்றி இருந்தால், பேய் என்றும் பிடிவாதம் என்றும் ஏசாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். அதுவும் தீர்க்கத்தக்க நோயே. அடுத்த குழந்தைக்கு மூன்றாண்டு இடைவெளி இருத்தல் தாய்க்கும் சேய்க்கும் நலம்.

சங்கம் செய்யக்கூடியது

ஒவ்வொரு சங்கமும் மூன்று காரியங்களைச் செலவின்றிச் செய்யலாம். இரவில் வண்டி தரக்கூடியவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய பட்டியலைச் சங்கக் கட்டடத்தில் ஒட்டலாம். இரத்தம் கொடுக்க இசைந்தவர்களின் இரத்த வகையைக் குறித்துவைக்கலாம். ஆண்டுக்கு இருமுறை கிராம சுகாதாரச் செவிலியரை அழைத்து, மாமியார்களும் கணவர்களும் கூடியிருக்கப் பேசச் செய்யலாம்.

தவணை தவறாமல் கடனைச் செலுத்துவதில் பெருமை கொள்ளும் அங்கத்தினர்கள், வீட்டுக் கர்ப்பிணியின் சோதனைத் தவணைகளையும் தவறாமல் காப்பார்களாக. ஒருவர் வீட்டு அபாயத்துக்குப் பலர் துணை நிற்பதே கூட்டுறவாகும்.