பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்குதா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். மேடையில பேசிப் பழக்கம் இல்ல. கடன் வாங்கி மாடு வாங்கின கதையைச் சொல்லுவேன்னு நினைச்சிருப்பீங்க. இன்னைக்கு என் பையனைப் பத்திச் சொல்ல வந்திருக்கேன்.

அவன் 2018ல பொறந்தான். தவழ்றது, நடக்கறது எல்லாம் சரியாத்தான் இருந்தது. ஒன்றரை வயசுல பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான். ஆனா டிவியில விளம்பரப் பாட்டு வந்தா அடுப்படியிலிருந்து ஓடிவருவான். அதனால காது நல்லாத்தான் இருக்குன்னு விட்டுட்டோம். தண்ணி வேணும்னா கேக்க மாட்டான், விரல் நீட்டிக் காட்டவும் மாட்டான். என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் குடத்து மேல வைப்பான். புத்திசாலின்னு சிரிச்சோம்.

ரெண்டு வயசாகியும் அம்மான்னு கூப்பிடல. "இவங்க அப்பனும் மூணு வயசுலதான் வாய் தொறந்தான்"னாங்க மாமியார். பக்கத்து வீட்டுல நாக்குல தேன் தடவச் சொன்னாங்க. ஒரு டாக்டர், ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், பாக்கலாம்னாரு. வீட்டுக்காரர் சுரங்கத்துல ஒப்பந்தத் தொழிலாளி. ஒருநாள் போகலன்னா அன்னைக்குச் சம்பளம் இல்ல. அதுக்குள்ள 2020ல கொரோனா வந்து அங்கன்வாடியும் மூடிட்டாங்க. நாலு பிள்ளைங்களோட சேத்துப் பாத்தாத்தானே வித்தியாசம் தெரியும்? யாரும் கெட்ட எண்ணத்துல சொல்லல. ஆனா காலம் போயிடுச்சு.

திரும்ப அங்கன்வாடி தொறந்ததும், டீச்சர்தான் ஒரே வாரத்துல கவனிச்சு, "காட்டுங்கம்மா, தள்ளிப் போடாதீங்க"ன்னு சொன்னாங்க. விடியக்காலை பஸ் ஏறி புதுச்சேரி ஜிப்மருக்குப் போனோம். முதல்ல காதைப் பரிசோதிச்சாங்க. இதுக்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் கிடையாதாம். நாம சொல்றதைக் கேட்டு, புள்ள விளையாடறதைப் பாத்துத்தான் சொல்ல முடியும். ஆட்டிசம்னாங்க. அப்போ அவனுக்கு நாலு வயசு.

நான் ரொம்ப நாள் அழுதேன். இது என் வளர்ப்பால வரல, தடுப்பூசியாலயும் வரல, மூளை வளர்ற விதத்துல இருக்கிற வித்தியாசம்னு புரிஞ்ச பிறகுதான் தூக்கம் வந்தது. வசதியுள்ள அமெரிக்காவுலயே பாதிப் பிள்ளைங்களுக்கு ஏறக்குறைய 4 வயசுக்கு மேலதான் தெரியவருதாம். பெண் பிள்ளைன்னா இன்னும் கஷ்டம். ஒதுங்கி இருந்தா "அமைதியான பொண்ணு, சமத்து"ன்னு சொல்லிடுவோம்.

ஆனா விவரம் தெரிஞ்ச மருத்துவர் பாத்தா 2 வயசுலயே கண்டுபிடிக்கலாம். அதனால இதை மனசுல வச்சுக்குங்க. 1 வயசுல பேர் சொன்னா திரும்புதா? ஒன்றரை வயசுல விரல் நீட்டிக் காட்டுதா? 2 வயசுல ரெண்டு வார்த்தை சேத்துப் பேசுதா? பேசின வார்த்தை நின்னுபோச்சா? இதுல ஒண்ணு சரியில்லன்னாலும் காத்திருக்காதீங்க. ஆட்டிசமாத்தான் இருக்கணும்னு இல்ல, காட்டிடறது நல்லது. 2013ல ஆரம்பிச்ச ஆர்.பி.எஸ்.கே. திட்டத்துல மருத்துவக் குழு வருஷத்துக்கு 2 தடவை அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைங்களைப் பாக்கணும். அன்னைக்குப் புள்ளையை வீட்டுல வச்சுக்காதீங்க. நீங்களே வாயைத் தொறந்து சொல்லுங்க. 2016 சட்டத்துல ஆட்டிசமும் சேந்திருக்கு, அடையாள அட்டை வாங்கலாம். நிராமயா காப்பீட்டுல வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும் மருத்துவச் செலவுக்கு இடம் இருக்கு.

இப்போ என் பையன் பயிற்சிக்குப் போறான். எல்லாம் மாறிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா போன பொங்கலுக்கு "அம்மா, தண்ணி"ன்னு கேட்டான். ரெண்டு வருஷம் முன்னாடியே போயிருந்தா, இதை முன்னாடியே கேட்டிருப்பேனோன்னு மனசு அடிச்சுக்குது.

நம்ம குழுவுல ஒருத்தர் தவணை ஒரு மாசம் தவறினா எல்லாருமா வீட்டுக்கே போய் என்னன்னு கேக்கறோம். அதே மாதிரி, கூட்டம் முடிஞ்சதும் ஒவ்வொரு ஊக்குநரும் ரெண்டு வயசுக்குள்ள பிள்ளை உள்ள வீட்டுல இந்தக் கேள்வியைக் கேக்கணும்னு கூட்டமைப்பைக் கேட்டுக்கறேன். தப்பா பேசியிருந்தா மன்னிச்சுக்குங்க.