விளிம்பில் ஒரு பெயர்



எங்கள் வீட்டில் ‘பஸ்ரா பூட்டன்’ என்று ஒருவர் உண்டு. படம் கிடையாது. பார்த்தவர்களும் இப்போது இல்லை. முதல் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்து மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக், போனார், திரும்பவில்லை. பின்னால் தபாலில் இரண்டு பதக்கங்கள் வந்தன. ஒன்று வெள்ளி. அது தட்டாரிடம் போய்க் கொலுசாகத் திரும்பி வந்தது. மற்றது வெண்கலம். உருக்கினால் ஒன்றும் தேறாது என்பதால் டிரங்குப் பெட்டியின் அடியில் பிழைத்துக் கிடந்தது.

பதக்கத்தை எடுப்பவர்கள் முகப்பில் இருக்கும் சிறகு முளைத்த வெற்றித் தேவதையைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது விளிம்பை. எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அந்த மெல்லிய ஓரத்தில் பொறித்திருக்கும். வெயில் சாய்வாக விழும்படி பிடித்து, பூதக்கண்ணாடி வைத்து, மெதுவாகச் சுழற்றிப் படிக்க வேண்டும். கொலுசாகிப் போன வெள்ளியிலும் இதே வரிதான் இருந்திருக்கும்.

ஓரத்தில் கிடக்கும் ஒரு வரிக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். கல்லில் பெயர் இல்லையே! தமிழ்நாட்டில் பல ஊர்களில், பழைய கட்டடச் சுவர்களில், சின்னதாக ஒரு கல் பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்த ஊரிலிருந்து 1914–1919 பெரும் போருக்குப் போனவர் இத்தனை பேர், அவர்களில் உயிர் கொடுத்தவர் இத்தனை பேர் என்று ஆங்கிலத்தில் இருக்கும். எண்ணிக்கையோடு சரி. பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பெயர் தெரிந்தவர்களின் ஊரிலேயே அப்படி.

பஸ்ராவில் மட்டும் வேறு எப்படி இருக்கும்? பிரிட்டிஷ் பேரரசின் போர்க் கல்லறை ஆணையம் 1917இல் தொடங்கப்பட்டது. பதவி, இனம், மதம் பாராமல் எல்லோரையும் ஒன்றாகவே நினைவுகூர வேண்டும் என்பது அதன் கொள்கை. 1929இல் பஸ்ரா நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. கல்லறை இன்னதென்று தெரியாத 40,000க்கும் மேற்பட்டோருக்கானது அது. பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்கும் உண்டு. இந்திய சிப்பாய்க்குத் தலைக்கணக்குதான். 1997இல் சதாம் உசேன் ஆணைப்படி அந்தச் சின்னத்தை நாஸிரியா சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். அத்தனை கல்லையும் பெயர்த்தார்கள்; பெயர் மட்டும் ஏறவில்லை. 2021இல் ஆணையமே விசாரணை அறிக்கை வெளியிட்டு, நடந்தது பாகுபாடுதான் என்று மன்னிப்புக் கேட்டது. கேட்டது நல்லதுதான். என்னால் அதற்கு மேல் நெகிழ முடியவில்லை.

‘அந்தக் காலத்துக் கோப்பெல்லாம் 1940இல் லண்டன் குண்டுவீச்சில் எரிந்துபோயிற்றே’ என்று விவரம் தெரிந்தவர்களே சொல்கிறார்கள். எரிந்தது பிரிட்டிஷ் சிப்பாய்களின் பணிக்கோப்பு. நம் ஆட்களுடையது அங்கே இருந்ததே இல்லை. அந்தந்தப் படையின் டிப்போவில் இருந்தது. சாப்பர்ஸுக்கு அது பெங்களூர்.

ஆகவே ஆளைத் தேடாதீர்கள், கம்பெனியைத் தேடுங்கள். லண்டனில் உள்ள கியூவில் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் அங்கே உள்ளன. அதிகாரி எழுதியவை; செத்தது அதிகாரி என்றால் பெயர் இருக்கும், மற்றவரென்றால் பெரும்பாலும் எண்ணிக்கை. ஆனால் கம்பெனி எந்த நாளில் எங்கே இருந்தது, எதைக் கட்டியது என்பது தெரிந்துவிடும். சாப்பர்ஸின் 12, 13ஆம் கம்பெனிகள் 14ஆவது டிவிஷனைச் சேர்ந்தவை. 1917 பிப்ரவரி 23 அன்று ஷும்ரான் வளைவில் டைக்ரிஸ் ஆற்றைக் கடந்த டிவிஷன் அது. பதினாறு நாளில், மார்ச் 11இல், பாக்தாத் வீழ்ந்தது. பாக்தாத் வரலாற்றில் இருக்கிறது. சாலை போட்டவனும் மண் வெட்டியவனும் நாட்குறிப்பில் மட்டும் இருக்கிறார்கள். 

ஆளின் பெயர் முழுதாகக் கிடைக்கிற இடம் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடு. கல்லில் ஏறாத சிப்பாய் தாளில் ஏறியிருக்கிறான். பல பதிவுகளில் இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன ஜில்லா என்றுகூட இருக்கும். ஜில்லா பழைய ஜில்லா. வடஆற்காடு 1989இல் இரண்டானது. அதில் ஒரு பாதியான வேலூர் 2019இல் மூன்றானது. நம் ஊர் இப்போது எந்த மாவட்டம் என்று பார்த்துத் தேடினால் அகப்படாது. பெயரோ இன்னும் சிக்கல். முனுசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் எழுதியிருக்கிறார்கள்.

நான் இரண்டு வருடம் கண்ணால் தேடினேன். விளிம்பில் இருந்த எண்ணும் பெயரும் ஒரு பதிவோடு பொருந்தின; ஊர் மட்டும் பொருந்தவில்லை. அப்படி ஓர் ஊர் எந்த வரைபடத்திலும் இல்லை. ஒருநாள் கூடத்தில் உட்கார்ந்து, அந்த ஆங்கில எழுத்தை இருக்கிறபடியே சத்தமாகப் படித்தேன். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

“இன்னொரு தடவ சொல்லு.”

சொன்னேன்.

“கணியம்பாடிடா. அவரோட அம்மா வீடு அங்கதான். பேரு கொடுத்தப்ப அங்க இருந்திருப்பாரு” என்றார்.