மீக்கடத்தமும் ஒரு பாகைத் திருப்பமும்



கம்பிவழி ஓடும் மின்னாற்றலில் ஒரு பகுதி வெப்பமாய் வீணாகின்றது. கம்பியின் தடையே அதற்குக் கரணியம். 1911-இல் ஆலந்து நாட்டு இலெய்டன் நகரில் காமர்லிங்கு ஓன்னசு என்பார் இதளை 4.2 கெல்வின் வரை குளிர்வித்தார். ஆங்குத் தடை அடியோடு மறைந்தது. அந்நிலையே மீக்கடத்தம். 'மீ' மிகுதி குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். கடத்துதல் யாவரும் அறிந்ததே.

எதிர்மின்னிகள் ஒன்றையொன்று தள்ளும் இயல்பின. ஆயினும் மாழையின் அணுக்கோப்பில் எழும் அதிர்வு அவற்றை இரண்டிரண்டாய்ப் பிணைக்கின்றது. பிணைந்தவை தடையின்றி ஓடுகின்றன. இதனைப் பார்தீன், கூப்பர், சிரீஃபர் என்னும் மூவர் 1957-இல் விளக்கினர். 1986-இல் கண்டறியப்பட்ட செம்பு-உயிர்வளிச் சேர்மங்கள் அவ்விளக்கத்துள் அடங்கவில்லை. அவை மரபுசாரா மீக்கடத்திகள்.

அவ்வரிசையில் வைத்து ஆயப்பெறும் மற்றொன்று, எழுதுகோலில் உள்ள கரியிலிருந்தே பிறந்தது. அக்கரி ஏடு ஏடாய் அடுக்கப்பெற்றது. ஓர் அணுவளவே தடிப்புள்ள ஏட்டைக் கெய்மும் நோவோசெலோவும் மான்செசுட்டரில் ஒட்டுநாடாவால் உரித்தெடுத்து, 2004-இல் வெளியிட்டனர். மேலையர் அதனைக் கிராபீன் என்பர். நாம் கரியேடு என்போம்.

கரியேடு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றிட்டு மேலேட்டைச் சற்றே திருப்பினால், இரு வலைத்துணிகளை மேலிட்டாற்போல் பெருங்கோலம் ஒன்று தோன்றும். திருப்பம் ஏறத்தாழ 1.1 பாகையாயின் எதிர்மின்னிகளின் விரைவு மிகத் தளரும். தளர்ந்தவை ஒன்றன் விசைக்கு மற்றொன்று வலிதாய் ஆட்படும். பிசுட்ரிட்சரும் மெக்டொனால்டும் 2011-இல் இத்தளர்வைக் கணக்கிட்டு உரைத்தனர். 2018-இல் அமெரிக்காவின் மாசாச்சுசெட்சுத் தொழில்நுட்பப் பயிலகத்தில் யுவான் காவோ, பாபுலோ ஆரில்லோ எரெரோ முதலானோர் அவ்வடுக்கைச் செய்து, 1.7 கெல்வினில் மீக்கடத்தம் கண்டனர். மின்கடத்தா நிலையும் அதே அடுக்கில் அருகே நின்றது!

இத்துணைக் குளிரில் இயங்குவது நாளையே மின்கம்பியாகிவிடாது. அதன் பயன் வேறு. செம்புச் சேர்மத்தில் எதிர்மின்னித் தொகையை மாற்ற, வேறு கலவை சமைத்தல் வேண்டும். இங்கோ மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தாலே போதும். பிணைக்கும் விசை யாது என்பதில் ஆய்வாளரிடை இன்னும் ஒருமுடிபில்லை. அதனைத் தேடுதற்கு ஏற்ற களம் இது.

மேலையர் இத்திருப்பத்தை 'மாயக் கோணம்' என்றனர். இதில் மாயம் யாதுமில்லை. கணக்கும் உழைப்புமே உள. பொருள் பழங்கரியே, அடுக்கிய முறையே புதிது.

தமிழில் அறிவியல் சொல்லவியலாது என்பார், இதுகாறும் கேட்டது எம்மொழி என்று தம்மையே வினவுக! சொல் வறண்டது மொழியில் அன்று, முயலாதார் நெஞ்சில். விடை காணாத இவ்வினாவைத் தமிழிலேயே எண்ணி, விடை காண்பாருள் ஒருவராய்த் தமிழிளைஞர் நிற்றல் வேண்டும்.

வெல்க தமிழ்!