பேனா பிடிச்ச கைக்குப் பதக்கம் உண்டா?

(ஆவடியில் முன்னாள் படைவீரர் குடும்பத்தினரும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆவடியில நின்னுக்கிட்டு ராணுவத்தைப் பத்திப் பேசறது, திருநெல்வேலிக்காரங்ககிட்ட அல்வா பத்திப் பேசற மாதிரி. 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா டாங்க் வெளியே வந்தது இங்கே உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் இருந்துதான். அர்ஜுன் டாங்கை வடிவமைத்த சி.வி.ஆர்.டி.ஈ. இங்கதான். விமானப்படை நிலையம், சீருடைத் தொழிற்சாலை, என்ஜின் தொழிற்சாலை, சி.ஆர்.பி.எஃப். வளாகம் எல்லாம் உங்க வீட்டுப் பக்கத்துல. பூந்தமல்லிப் பக்கம் போனா, கம்பெனி காலத்திலேயே அங்கே படைமுகாம் இருந்திருக்கு. அதனால டாங்க், துப்பாக்கி பத்தி நான் உங்களுக்குச் சொல்ல ஒண்ணுமில்லை. நான் பேசப்போறது ஃபைல் பத்தி. யாரும் செல்ஃபி எடுத்துக்காத விஷயம்.

இதைப் பத்தி யோசிக்க வெச்சது எங்க தெருப் பாட்டி ஒருத்தங்க. எங்க வீடு திருமுல்லைவாயல். பாட்டியோட வீட்டுக்காரர் ராணுவத்தில் 17 வருஷம் இருந்துட்டு வந்தவர். அவர் தவறிப்போனதும் பென்ஷன் நின்னுபோச்சு. குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிப் போட்டாங்க. ராணுவ ஆவணத்தில் மனைவி பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேற மாதிரி. ஆவணத்தில் பெயரோட 'அம்மாள்' இருக்கு. ஆதாரில் அது இல்லை. அதுக்குப் பதிலா இனிஷியல் இருக்கு. அந்த இனிஷியலும் கணவருடையது இல்லை, அப்பாவுடையது. "இது ரெண்டும் ஒரே ஆளா?"ன்னு கேள்வி. வங்கியில் கேட்டா பதிவு அலுவலகத்தைக் கேளுங்கன்னாங்க. பதிவு அலுவலகத்துக்கு எழுதினா ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வரும், பாட்டி அதை எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வருவாங்க. இப்படியே 14 மாசம். வீட்டு வாடகையை மகள் கட்டினாங்க, மருந்து கடன்ல ஓடிச்சு.

அப்புறம் ஒரு நாள் போன். பதிவு அலுவலகத்தில் இருந்து ஒரு ஹவில்தார் கிளார்க். அவருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் தமிழ் தெரிஞ்ச இன்னொருத்தரை உட்கார வெச்சுக்கிட்டுப் பேசினார். பழைய கட்டைப் பிரிச்சுப் பார்த்திருக்கார். பாட்டியோட கல்யாணத் தேதி, ஊர், அப்பா பெயர் எல்லாம் அந்தக் காலத்திலேயே எழுதப்பட்டிருக்கு. "இந்த விவரத்தை வெச்சு ஒரு உறுதிமொழிப் பத்திரம், கூட இன்னின்ன சான்று. வேற எதுவும் அனுப்பாதீங்க"ன்னு தெளிவாச் சொன்னார். அதுக்கப்புறம் ரெண்டே மாசத்தில் பணம் வந்துடுச்சு.

அவர் பெயர் பாட்டிக்குத் தெரியாது. பேச்சை முடிக்கும்போது 'ஜெய்ஹிந்த்' சொன்னதால "ஜெய்ஹிந்த் தம்பி"ன்னுதான் இன்னைக்கும் சொல்வாங்க. போன குடியரசு தினத்தன்னிக்கு டி.வி.யில் பதக்கம் அறிவிச்சப்போ என்கிட்ட கேட்டாங்க: "கண்ணு, அந்தத் தம்பிக்கெல்லாம் இது குடுப்பாங்களா?"

பதில் சொல்ல எனக்கு ரெண்டு மூணு வாரம் படிக்க வேண்டியிருந்தது. அதைத்தான் உங்ககிட்டச் சொல்ல வந்தேன்.

நம்ம நாட்டில் ராணுவப் பதக்கம்னாலே பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா ஞாபகம் வரும். இவை எதிரிக்கு முன்னால் காட்டிய வீரத்துக்கு. ஆனா குண்டு சத்தம் இல்லாத வேலைக்குன்னே தனியா ஒரு வரிசை இருக்கு: பரம் விசிஷ்ட சேவா, அதி விசிஷ்ட சேவா, விசிஷ்ட சேவா பதக்கங்கள். 1960 ஜனவரி 26-ல் இவை ஏற்படுத்தப்பட்டன. முதலில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புன்னுதான் பெயர். 1967-ல் இப்போதுள்ள பெயர்கள் வந்தன. ஓய்வுபெற்ற அதிகாரிகள் வீட்டுப் பெயர்ப்பலகையில் 'வி.எஸ்.எம்.', 'ஏ.வி.எஸ்.எம்.' என்று பார்த்திருப்பீங்களே, அதுதான் இது. சிறப்பான பணி எதுவானாலும் இதற்குள் வரும். மருத்துவம், தளவாடம், பயிற்சி, நிர்வாகம் எல்லாமே. ஆட்களைச் சேர்ப்பது, பதவி உயர்வு, சம்பளம், குடும்ப நலன், ஓய்வூதியம் என்று கம்பெனிகளில் 'எச்.ஆர்.' என்று சொல்றோமே, அந்த வேலையும் இதுக்குள்ள அடக்கம். தரைப்படையில் இந்த வேலைகளில் பெரும்பகுதி அட்ஜுடன்ட் ஜெனரல் கிளையின் கீழ் வரும்.

விதிப்படி விசிஷ்ட சேவா பதக்கம் எல்லாப் பதவிக்காரருக்கும் உண்டு. ஆனா ஒவ்வொரு வருஷப் பட்டியலையும் எடுத்துப் பார்த்தா அதிகாரிகள்தான் அதிகம். இதைக் குறை சொல்றதாக எடுத்துக்காதீங்க. பட்டியல் அப்படித்தான் இருக்கு. பெரிய திட்டத்தை நடத்தியவர் கண்ணில் படுவார், ஒரு பழைய கட்டைப் பிரிச்சவர் படமாட்டார். எங்க அலுவலகத்திலும் அப்படித்தான், உங்க அலுவலகத்திலும் அப்படித்தான் இருக்கும். கிளார்க் நிலையில் இருப்பவர்களுக்கு அதிகம் வாய்ப்புள்ளது பாராட்டு அட்டை. தளபதிகள் கொடுப்பது. தரைப்படை நாளான ஜனவரி 15, கடற்படை நாளான டிசம்பர் 4, விமானப்படை நாளான அக்டோபர் 8 போன்ற சமயங்களில் இவை வழங்கப்படும். சீருடையில் அதற்கென்று ஒரு சின்ன முத்திரை. அவ்வளவுதான். ஆனா வாங்கினவர் அதைத் தேய்ச்சுத் தேய்ச்சு பளபளன்னு வெச்சிருப்பார்.

இந்த வேலை எவ்வளவு பெருசுன்னு புரிஞ்சுக்க, 'பார்ட் டூ ஆர்டர்' என்ற ஒண்ணைத் தெரிஞ்சுக்கணும். இங்க வந்திருக்கிற முன்னாள் படைவீரர்கள் எல்லாரும் இப்போ தலையை ஆட்டுறாங்க பாருங்க! மாணவர்களுக்காகச் சொல்றேன். தரைப்படையில் ஒரு சிப்பாய்க்குக் கல்யாணம் ஆனாலும், குழந்தை பிறந்தாலும், படிப்பில் தேறினாலும், வேறு ஊருக்கு மாறினாலும், அது யூனிட்டின் பார்ட் டூ ஆர்டரில் வெளியாகணும். அப்போதான் பதிவு அலுவலகத்தில் உள்ள அவருடைய ஷீட் ரோலில் ஏறும். ஏறலைன்னா, ஆவணத்தைப் பொறுத்தவரை அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை. ஊரே கூடி மொய் எழுதியிருந்தாலும் சரி. விமானப்படையிலும் கடற்படையிலும் பெயர் வேற, வேலை இதேதான்.

ஒரு கிளார்க் அன்னைக்குச் சோம்பல்பட்டு ஒரு வரியை விட்டிருந்தா, 40 வருஷம் கழிச்சு ஒரு பாட்டி திருமுல்லைவாயலில் கடன் வாங்குவாங்க. அன்னைக்கு ஒருத்தர் ஒழுங்கா எழுதியதால்தான் எங்க பாட்டி தப்பிச்சாங்க. அப்படிப் பார்த்தா ஜெய்ஹிந்த் தம்பி ஒருத்தர் இல்லை, ரெண்டு பேர். முதலாமவர் யாருன்னு யாருக்குமே தெரியாது.

இப்படிப்பட்ட வேலைக்கு உலகம் மரியாதை செய்ததே இல்லையான்னா, செய்திருக்கு. முதல் உலகப் போர் நேரத்தில் ஃபேபியன் வேர் என்று ஒரு ஆங்கிலேயர். பட்டாளத்தில் சேர வயசு தாண்டிடுச்சு. செஞ்சிலுவைச் சங்க வாகனப் பிரிவு ஒன்றுக்குத் தலைமை ஏற்று பிரான்ஸுக்குப் போனார். செத்த வீரர்களைப் புதைக்கிறாங்க, ஆனா எங்கே, யாரை என்று எழுதி வைக்க ஆளில்லை என்பதை அங்கே பார்த்தார். தன் ஆட்களை வெச்சுக் குறிக்க ஆரம்பிச்சார். அந்தக் குறிப்பு வேலைதான் வளர்ந்து 1917-ல் போர்க் கல்லறைகள் ஆணையமாச்சு. அவருக்கு 'சர்' பட்டமும் கிடைச்சது.

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? மவுண்ட்–பூந்தமல்லி சாலையில் நந்தம்பாக்கத்தில் பச்சைப் புல்வெளியோட அமைதியா ஒரு இடம் இருக்கே, மெட்ராஸ் போர்க் கல்லறை. பஸ்ஸில் போகும்போது எத்தனை தடவை கடந்திருப்போம்! இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறந்த 800-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்காங்க. முதல் உலகப் போரில் இறந்த சுமார் ஆயிரம் பேருக்கு நினைவுச் சின்னமும் அதே வளாகத்தில். அந்த ஆணையத்தின் இணையதளத்தில் ஒரு பெயரைத் தட்டினா அவர் எங்கே இருக்கார்னு உங்க செல்போனிலேயே வரும். நூறு வருஷம் முன்னாடி யாரோ ஒருத்தர் சேற்றில் நின்னு நோட்டில் எழுதியதால் இது நடக்குது.

சரி, இப்போ உங்க வீட்டு ஃபைலுக்கு வருவோம். நான் தகவல் துறையில் வேலை செய்யறவங்கிறதால, சேவை பத்திச் சொல்லாம விட்டா தூக்கம் வராது.

நம்ம தமிழ்ப் பெயர்தான் பெரிய தலைவலி. வடக்கே உட்கார்ந்திருக்கிற கிளார்க்குக்கு இனிஷியல்னா என்னன்னே புரியாது. அவங்களுக்குக் குடும்பப் பெயர் வேணும். கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா எழுத்து, பின்னாடி கணவர் எழுத்து, சில சமயம் ரெண்டும். 'லட்சுமி'யை ஆங்கிலத்தில் நாலு விதமா எழுதலாம். அந்தக் காலத்தில் தாத்தா வாயால சொன்னதை, கேட்டவர் காதுக்கு எப்படி விழுந்ததோ அப்படி எழுதியிருப்பார். யார் மேலயும் தப்பில்லை. ஆனா சரிபண்ண வேண்டியது நாமதான், அதுவும் தாத்தா உயிரோட இருக்கும்போதே. அவர் கையெழுத்துப் போட்டா சுலபமா முடியற வேலை, அவருக்கு அப்புறம் மாசக்கணக்கில் இழுக்கும்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் மூணு காகிதத்தை எடுத்துத் தரையில் பரப்புங்க: டிஸ்சார்ஜ் புத்தகம், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ., மனைவியின் ஆதார். பெயரும் பிறந்த தேதியும் மூணிலும் ஒண்ணா இருக்கான்னு எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க. இல்லைன்னா பதிவு அலுவலகத்துக்கு எழுதணும். மதராஸ் ரெஜிமென்ட்னா வெலிங்டன், மெட்ராஸ் என்ஜினியர் குரூப்னா பெங்களூரு, சிக்னல்ஸ்னா ஜபல்பூர். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு ஊர். எதுன்னு தெரியலைன்னா மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்க. அங்கே இருக்கும் நல அமைப்பாளர்களுக்கு இதெல்லாம் அத்துப்படி. ஒரு சின்ன விஷயம்: ஆவடி, பூந்தமல்லிக்காரங்களுக்குத் திருவள்ளூர் மாவட்ட அலுவலகம். அம்பத்தூர் 2018 முதல் சென்னை மாவட்டத்தோட சேர்ந்துட்டதால அவங்க சென்னை அலுவலகத்துக்குப் போகணும். பழைய ஞாபகத்தில் திருவள்ளூருக்கு ரயில் ஏறிடாதீங்க.

கல்யாணச் சான்று இல்லாத பெரியவங்க நிறைய பேர். 2009-ம் ஆண்டுச் சட்டத்துக்கு அப்புறம் நம்ம மாநிலத்தில் திருமணப் பதிவு கட்டாயம், அதுக்கு முன்னாடி நடந்தது பலதும் பதிவாகலை. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பெயரையே மாத்தணும்னா அரசிதழ் அறிவிப்பு.

ஓய்வூதியம் இப்போ 'ஸ்பர்ஷ்' இணையதளம் வழியா வருது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பாதுகாப்புத் துறை ஓய்வூதியர்கள் அதுக்குள்ள வந்தாச்சு. வருஷா வருஷம் உயிர்வாழ் சான்று கொடுக்கணும். விரல் ரேகை தேய்ஞ்ச பெரியவங்களுக்கு ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டியே முடிக்கலாம். அதில் 'பணம் வழங்கும் அமைப்பு' என்று கேட்கும் இடத்தில் பழைய பழக்கத்தில் வங்கிப் பெயரைத் தேர்ந்தெடுத்துடறாங்க. ஸ்பர்ஷுக்கு மாறினவங்க ஸ்பர்ஷ் என்பதைத்தான் தேர்ந்தெடுக்கணும். பேரப்பிள்ளைகளே, இதை அவசரமாச் செஞ்சுட்டு ரீல்ஸ் பார்க்கப் போயிடாதீங்க. இந்த ஒரு கட்டத்தில்தான் பலருக்குத் தப்பாகுது.

மாணவர்களில் சிலர் அக்னிவீர் தேர்வுக்குத் தயாராகிறதாச் சொன்னீங்க. அதில் அலுவலக உதவியாளர் பிரிவும் இருக்கு, தட்டச்சுத் தேர்வு உண்டு. "அது பட்டாளமாடா, டைப்பிங் வேலை"ன்னு கிண்டல் பண்ற நண்பர்கள் இருப்பாங்க. எங்க பாட்டியைக் காட்டுங்க.

பாட்டி கேட்ட கேள்விக்கு வர்றேன். பதக்கத்துக்குப் பரிந்துரை செய்ய நம்மால முடியாது. அது அவங்க மேலதிகாரி வழியா மேலே போகும். ஆனா அந்த மேலதிகாரிக்குத் தெரியணுமே? நாம எப்போ எழுதுறோம்? வேலை நடக்கலைன்னாதான். மத்திய அரசின் குறைதீர் தளத்தில் மனு முடிஞ்சதும் கருத்து கேட்டு ஒரு பக்கம் வரும். காசு வந்துட்ட சந்தோஷத்தில் அதை யாரும் திறக்கிறதில்லை. நம்ம மாநில அலுவலகங்களைப் பத்தி 'முதல்வரின் முகவரி'க்கும் 1100-க்கும் குறை சொல்லப் பேசுறவங்கதான் அதிகம். வேலையை முடிச்சுக் கொடுத்தவர் பெயர், கடித எண், தேதி போட்டு நாலு வரி அந்த அலுவலகத் தலைவருக்கு எழுதினா, அது ஒரு காகிதமா அந்த அலுவலகத்துக்குள்ள போய்ச் சேரும். இவங்க வேலையே காகிதத்தில்தான் இருக்கு. காகிதத்துக்கு அங்கே மதிப்பு உண்டு.

நாங்களும் எழுதினோம். பெயர் தெரியாததால, அலுவலகத்தில் இருந்து வந்த கடைசிக் கடிதத்தின் எண்ணையும் போன் வந்த தேதியையும் குறிப்பிட்டு, அன்னைக்குப் பேசின ஹவில்தார் கிளார்க்குக்கும் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவருக்கும் நன்றின்னு பாட்டி சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செஞ்சேன். கீழே பாட்டி கையெழுத்து. ஆவணத்தில் இருக்கிற மாதிரியே, 'அம்மாள்' சேர்த்துப் போட்டாங்க. கூடவே முறுக்கு அனுப்பலாமான்னு கேட்டாங்க. ஸ்பீடு போஸ்ட்டில் நொறுங்கிடும்னு சொல்லித் தடுத்துட்டேன். அதுக்கு இன்னும் என்கிட்ட கோபமா இருக்காங்க.