வேதாளம் எந்த மரத்தில் ஏறினால் என்ன?



'பழைய கதைக்குப் புது வேடம் போடுவது அதை வாழ வைக்கிறதா, சாகடிக்கிறதா?' இதுதான் தலைப்பு. எதிரணி அம்மையார், "எங்க அம்புலிமாமா வேதாளத்தைத் தொடாதீங்க" என்று அழாத குறையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அம்மா, அந்த வலி எனக்கும் உண்டு. ஓவியர் சங்கர் வரைந்த படத்தை மறக்க முடியுமா? கையிலே வாள், தோளிலே பிணம், பின்னாலே இருட்டு! அந்த வேதாளத்தைக் கோமாளியாக்கி யாராவது காட்டினால் எனக்கும்தான் வயிறு எரியுது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். 'வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிடுச்சு' என்கிறோமே, அந்த முருங்கை எங்கிருந்து வந்தது? 11-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் அது சிம்சுபா மரம். தமிழுக்கு வந்ததும் முருங்கை! நம்ம ஆளுக்குக் கொல்லையிலே நிற்கிற மரம்தானே தெரியும்? (சிரிப்பு)

அங்கே வேதாளக் கதைகள் 25தான். 1947-ல் தொடங்கிய அம்புலிமாமாவோ, அந்த 25-ம் தீர்ந்த பிறகும் புதுசு புதுசாக எழுதி வேதாளத்தை மரம் ஏற்றியது. ஆக, அம்மையார் அழுகிற வேதாளமே புது வேடம் போட்ட வேதாளம்தான்! (கைதட்டல்)

1870-ல் ரிச்சர்ட் பர்ட்டன் என்ற வெள்ளைக்காரர் இதை இங்கிலீஷில் எழுதி, நம் வேதாளத்துக்கு 'வேம்பயர்' என்று பேர் வைத்தார். ரத்தம் குடிக்கிற பேய்! டிராகுலா நாவல் வந்ததே 1897-ல்தான். ஐயா, டிராகுலா கழுத்தைக் கடிக்கும். நம் வேதாளமோ கேள்வி கேட்கும். எது பயங்கரம்? பரீட்சை எழுதுகிற பிள்ளைகளைக் கேளுங்கள்! (பலத்த சிரிப்பு)

1985-ல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகர் அதைத் தொடராக்கினார். விக்ரமனாக வந்தவர் அருண் கோவில். பேரிலேயே நம்ம கோவில்பட்டி பாதி இருக்கு! 2017-ல் 'விக்ரம் வேதா' வந்தது. ராஜா போலீஸ்காரர் ஆனார், வேதாளம் தாதா ஆனது. முருங்கை மரமும் இல்லை, பிணமும் இல்லை. ஆனால் வேதா ஒவ்வொரு முறையும் ஒரு கதையைச் சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி கேட்டானா இல்லையா? அந்தக் கேள்வி இருந்ததால் அது வேதாளக் கதை. மரம் மாறலாம், உடை மாறலாம். கேள்வியை எடுத்துவிட்டுப் பல்லையும் நகத்தையும் மட்டும் காட்டினால், தோளில் கிடப்பது வேதாளம் போன வெறும் பிணம்! அதை நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பக்கத்து இடைசெவல்காரர் கி.ராஜநாராயணன் சனங்களின் வாயிலிருந்தே கதைகளைச் சேகரித்தார். ஏன் சேகரிக்க முடிந்தது? சொல்ல ஆள் இருந்தது, 'ம்' கொட்டப் பிள்ளை இருந்தது. "ஏ தாத்தா, ராசா வாயை மூடிக்கிட்டு நடந்தா வேலை முடிஞ்சிருமே?" என்று பிள்ளை கேட்கும். "பதில் தெரிஞ்சும் பேசாம இருந்தா தலை சுக்குநூறா வெடிச்சிரும்டா" என்பார் தாத்தா.

அதுதான் ஐயா இந்தக் கதையின் உயிர்! பேசினால் பட்ட பாடெல்லாம் வீண். பேசாவிட்டால் தலை போகும். பாடு வீணானாலும் பரவாயில்லை என்று ராஜா நியாயத்தைச் சொன்னான். கடைசிக் கேள்விக்கு அவனுக்கு நிஜமாகவே பதில் தெரியவில்லை. அப்போதுதான் மௌனமானான்.

இன்றைக்கு நம் வீட்டில் பிள்ளை கேள்வி கேட்கிறது. பதில் தெரிந்தும் நாம் பேசுவதில்லை. கையிலே செல்போனைக் கொடுத்து, "அங்கிட்டுப் போய்ப் பாரு" என்கிறோம். கதையைச் சாகடிப்பது புது வேடமா, நம்முடைய இந்த மௌனமா? எதிரணியினர் பதில் தெரிந்தும் பேசாமல் இருந்தால், அவர்கள் தலைக்கு நான் பொறுப்பல்ல என்று சொல்லி அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)